சனிக்கிழமை மதியம் முதல் லைபீரியா வரை: ஓர் அடிமை எசமானின் கொடைக் கணக்கு

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. எண் மட்டும் மாறும்: மெக்டோனா 15, மெக்டோனா 19, மெக்டோனா 35. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சொத்தையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போன ஜான் மெக்டோனாவின் பெயர் அது. அதே மனிதர் வாழ்நாள் முழுக்க அடிமைகளை வைத்திருந்தார். தன் அடிமைகளில் சுமார் 80 பேரை விடுவித்தும் இருக்கிறார். விடுவித்த கையோடு அவர்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியும் விட்டார்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் காலத்தை மீறிய வள்ளல். உள்ளுக்குள் அடிமை ஒழிப்புக்காரர். மற்றதற்கு அவர் வெளிவேஷக்காரர். கல்வி, விடுதலை என்பதெல்லாம் பாவக் கழுவல். இரண்டு கட்சியும் அவருடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பள்ளி, விடுதலை, கப்பல் மூன்றும் ஒரே இயந்திரத்தின் பாகங்களாகத் தெரியும். அந்த இயந்திரத்துக்குப் பெயர் ஆப்பிரிக்கக் குடியேற்றத் திட்டம்.

ஆள் யார்?

மெக்டோனா 1779-ல் பால்டிமோரில் பிறந்தார். 1800 வாக்கில் வியாபாரத்துக்காக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார். அப்போது லூசியானா இன்னும் அமெரிக்காவின் கையில் இல்லை, ஸ்பானிய ஆட்சி. 1803-ல் அமெரிக்கா அந்தப் பகுதியை விலைக்கு வாங்கியதும் நில விலை ஏறியது. மெக்டோனா நிலமாக வாங்கிக் குவித்தார். பிறகு நகரை விட்டு விலகி, மிஸிஸிப்பி ஆற்றின் எதிர்க்கரையில் தன் பெயரிலேயே அமைந்த மெக்டோனாவில்லில் தனியாளாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கடும் கடவுள் பக்தி, அதைவிடக் கடும் சிக்கனம். ஊரில் அவருக்குக் கஞ்சன் என்ற பெயர்தான். 1850 அக்டோபரில் இறந்து, உயிலைப் பிரித்த பிறகே வள்ளல் என்ற பெயர் வந்தது.

அவரிடம் இருந்த அடிமைகளில் பலர் கைத்தொழில் தெரிந்தவர்கள். செங்கல் அறுப்பார்கள், சுவர் கட்டுவார்கள், வீடே எழுப்புவார்கள். வளர்ந்துகொண்டிருந்த ஊரில் அவர்கள் உழைப்புக்கு நல்ல விலை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கணக்குப் போடும்போது வேண்டும்.

மூன்று சொற்கள், மூன்று வேறு பொருள்

குழப்பம் பெரும்பாலும் சொற்களில்தான் தொடங்குகிறது.

அடிமை ஒழிப்பு என்றால் ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொத்தாக இருக்கும் முறையையே சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவருவது. எல்லா அடிமைகளுக்கும், எசமான் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும்.

விடுவிப்பு என்றால் ஓர் எசமான் தன்னிடம் இருக்கும் ஓர் அடிமையைப் பத்திரம் எழுதி விடுவிப்பது. பக்கத்துத் தோட்டத்தில் எதுவும் மாறாது. அந்த முறை அப்படியே ஓடும்.

குடியேற்றம் என்ற சொல்லில்தான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். காலனி என்றதும் வெள்ளைக்காரன் வந்து நாட்டைப் பிடித்த கதை நினைவுக்கு வரும். இங்கே பேச்சு வேறு. அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த கறுப்பர்களை அமெரிக்காவிலேயே இருக்க விடாமல், ஆப்பிரிக்கக் கரையில் நிலம் பிடித்து அங்கே குடியமர்த்துவதுதான் இந்தத் திட்டம். (அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அது நமக்குத் தெரிந்த அதே காலனியாகத்தான் முடிந்தது. அது பின்னால் வரும்.)

நம்மூர்ப் பள்ளிக்கூட உதாரணம் ஒன்று இதற்குப் பொருந்தும். பத்தாம் வகுப்பில் நூறு சதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. பாடம் நடத்தும் விதம் மாறாது, வாத்தியார் மாறமாட்டார். கண்ணை உறுத்தும் பிள்ளை மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கும். குடியேற்றத் திட்டமும் அமெரிக்காவுக்கு இப்படி ஒரு டி.சி. ஏற்பாடு. ஒரே வித்தியாசம், அங்கே டி.சி. வாங்கியவர்கள் எதிலும் தோற்றவர்கள் அல்ல. சுதந்திரம் பெற்றவர்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்.

இதுவரை பார்த்தது: ஒழிப்பு முறையைத் தொடுகிறது, விடுவிப்பு ஓர் ஆளைத் தொடுகிறது, குடியேற்றம் விடுதலையான ஆளை நாட்டை விட்டே வெளியேற்றுகிறது. மெக்டோனா செய்தது இரண்டாவதும் மூன்றாவதும். முதலாவதை அவர் ஒருபோதும் செய்யவில்லை.

சங்கம் எப்படி வந்தது?

1816 டிசம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் புஷ்ராட் வாஷிங்டன், உச்ச நீதிமன்ற நீதிபதி, ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். தொடக்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஹென்றி கிளேயும் அப்படியே. அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்ற பேச்சையே இந்தச் சங்கம் எடுக்காது என்று கிளே அந்தக் கூட்டத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் யார்தான் ஆதரித்தார்கள்? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஒரு கூட்டம். அடிமை முறை மெதுவாக மறையட்டும் என்று நினைத்த பாதிரிமார் ஒரு பக்கம். ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவம் பரவ இது வழி என்று நம்பியவர்கள் இன்னொரு பக்கம். சுதந்திரமாகத் திரியும் கறுப்பனைப் பார்த்துத் தன் அடிமையும் ஆசைப்பட்டுவிடுவானோ என்று பயந்த தோட்ட முதலாளிகள் மூன்றாவது பக்கம். மூவருக்கும் ஒத்துப்போனது ஒரே ஒரு கருத்து: கறுப்பரும் வெள்ளையரும் சமமாக ஒரே நாட்டில் வாழ முடியாது.

யாரை அனுப்பத் திட்டமிட்டார்களோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் உடனே கிடைத்திருக்கும். 1817 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் பெத்தேல் தேவாலயத்தில் சுமார் 3,000 கறுப்பர்கள் கூடினார்கள். கப்பல் பாய் தயாரித்துச் செல்வந்தரான ஜேம்ஸ் ஃபோர்ட்டன், தேவாலயத்தின் ரிச்சர்ட் ஆலன் போன்றோர் முன்னின்ற கூட்டம். திட்டத்துக்கு ஆதரவாக ஒரு குரல்கூட எழவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அவர்கள் அப்பன் பாட்டனும் அங்கேயே பிறந்தவர்கள். ‘திரும்பிப் போ’ என்றால் எங்கே திரும்பிப் போவது?

மெக்டோனா இந்தச் சங்கத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்தார், வெறும் சந்தாதாரர் அல்ல.

சனிக்கிழமைக் கணக்கு

இனி இயந்திரத்துக்குள் போவோம். இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்; மொத்த விஷயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்கென்று வேலை செய்து நாலு காசு பார்ப்பது லூசியானாவில் வழக்கம். ஞாயிறு ஆண்டவரின் நாள், அன்று வேலை கூடாது என்பது மெக்டோனாவின் பிடிவாதம். அதனால் 1822-ல் ஞாயிறு வேலையை நிறுத்தி, பதிலுக்குச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர்கள் விருப்பத்துக்கு விட்டார். 1825-ல் அடுத்த படி. அந்தச் சனி மதியத்திலும் எனக்கே வேலை செய்யுங்கள், கூலி தருகிறேன். ஆனால் கூலியைக் கையில் தரமாட்டேன், கணக்கில் வரவு வைப்பேன். போதுமான தொகை சேர்ந்ததும் அந்தப் பணத்துக்கு உங்கள் வாரத்தில் இன்னும் கொஞ்ச நேரத்தை நீங்கள் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

புரியவில்லையா? ஒருவன் உங்கள் சைக்கிளைப் பறித்து வைத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். பிறகு பெல்லை மட்டும் இரக்கப்பட்டுத் திருப்பித் தருகிறான். அந்த பெல்லை வாடகைக்கு அவனிடமே விட்டு, வரும் காசில் ஹேண்டில்பாரை அவனிடமே வாங்க வேண்டும். பெல்லும் ஹேண்டில்பாரும் தரும் வாடகையில் முன் சக்கரம். இப்படியே செயின், பெடல், சீட். கடைசியில் சைக்கிள் முழுதாக உங்களுடையது. சைக்கிள் என்ற இடத்தில் உங்கள் உடம்பின் ஆறு நாள் உழைப்பு என்று போட்டுக்கொண்டால் மெக்டோனா திட்டம் கிடைத்துவிடும்.

எண்களில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்: ஆள் விலை 600 டாலர், வாரத்துக்கு ஆறு வேலை நாள், ஆக ஒரு நாளின் விலை 100 டாலர். நாள் கூலி 50 சென்ட். அப்படியென்றால் வாரத்தில் ஒரு நாள் சொந்தமாக இருந்தால் வருடத்துக்கு 26 டாலர் சேரும்.

முதல் படியில் கையில் இருப்பது சனி மதியம், அதாவது அரை நாள். வருடத்துக்கு 13 டாலர்தான். சனிக்கிழமைக் காலையின் விலை 50 டாலர். அதை வாங்கவே 3 ஆண்டு 10 மாதம் ஆகிவிடும்.

இரண்டாவது படியில் சனி முழுதும் சொந்தம். வருடத்துக்கு 26 டாலர். வெள்ளிக்கிழமையின் விலை 100. மறுபடியும் 3 ஆண்டு 10 மாதம்.

மூன்றாவது படியில் இரண்டு நாள் சொந்தம். வருடத்துக்கு 52 டாலர். வியாழன் 1 ஆண்டு 11 மாதத்தில் கைக்கு வரும்.

அதன் பிறகு வேகம் பிடிக்கிறது. புதன்கிழமைக்கு ஏறக்குறைய 15 மாதம், செவ்வாய்க்குப் பதினொன்றரை மாதம், திங்களுக்கு ஒன்பது மாதம் சொச்சம். எல்லாம் கூட்டினால் பன்னிரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல்.

கூட்டுவட்டி தெரிந்தவர்களுக்கு இந்த வளைவு புதிதல்ல. முதலில் நத்தை, கடைசியில் குதிரை. ஆனால் நத்தையாக ஊர்ந்த அந்த ஏழரை ஆண்டும் ஆளின் இளமை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் காய்ச்சல் இல்லை, பிரசவம் இல்லை, மழையால் வேலை நின்ற சனிக்கிழமை இல்லை. ஒவ்வொன்றும் தவணையைத் தள்ளிவைக்கும். 1825-ல் தொடங்கிய திட்டத்தின் ஆட்கள் கப்பலேறியது 1842 ஜூனில். பதினேழு ஆண்டு.

முதலாளிக்கு என்ன கிடைத்தது?

நம்மூர்க் கொத்தடிமை முறையோடு இதை ஒப்பிடத் தோன்றும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவர் கடன் தீரும்வரை அங்கேயே கிடப்பது நமக்குத் தெரியும். அங்கே பேருக்காவது ஒரு கடன் இருக்கும். மெக்டோனாவின் ஆட்கள் அவரிடம் ஒரு சென்ட்கூட வாங்கியிருக்கவில்லை. அடிமையாகப் பிறந்ததே அவர்கள் பட்ட கடன்.

எசமான் பக்கம் வரவைப் பார்ப்போம். முதல் வரவு, ஆள் விலை. அதைக் கொடுத்தவர் அந்த ஆளேதான். இரண்டாவது வரவு, தப்பி ஓடும் பயம் போனது. சேர்த்த தொகை எசமானின் புத்தகத்தில் இருக்கும்போது யார் ஓடுவார்? மூன்றாவது, வேலை. விடுதலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்பதால் ஆட்கள் விடியும் முன்னே எழுந்து இருட்டும்வரை உழைத்தார்கள். வெள்ளைக்காரக் கங்காணி வைக்க வேண்டியிருக்கவில்லை. தப்பு செய்தவரைச் சக அடிமைகளே கூடி விசாரிக்கும் ஏற்பாடும் இருந்தது.

இதெல்லாம் எதிரிகள் சொன்ன குற்றச்சாட்டு இல்லை. 1842-ல் நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகைக்கு மெக்டோனாவே நீண்ட கடிதம் எழுதித் திட்டத்தை விளக்கினார். மற்ற எசமான்களும் பின்பற்றட்டும் என்பது நோக்கம். அனுப்பிய ஆட்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்களை வர்ஜீனியாவிலோ கரோலினாவிலோ வாங்கும் அளவுக்கு அவர்கள் உழைப்பிலிருந்து தனக்குப் பணம் சேர்ந்திருப்பதாக அதில் பெருமையோடு கணக்குக் காட்டுகிறார். இந்த ஒரு வரி போதும் என்று தோன்றுகிறது. ஓர் அடிமை விடுதலையானால் இரண்டு அடிமைகளை வாங்கலாம் என்பதை விற்பனைப் பேச்சாக எடுத்துவைப்பவரை ஒழிப்புக்காரர் என்று எப்படிச் சொல்வது?

அதே சமயம் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வாக்கு மாறவில்லை. மாறியிருந்தால் அவரை எந்தக் கோர்ட்டும் எளிதில் அசைத்திருக்க முடியாது. அடிமை பெயரில் இருக்கும் எதுவும் எசமானுக்கே சேரும் என்பது சட்டம். புத்தகத்தில் வரவு வைத்த தொகையை ஒரு நாள் காலை எழுந்து கிழித்துப்போட்டிருக்கலாம். பல எசமான்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். மெக்டோனா செய்யவில்லை.

சுருக்கமாக: விடுதலைக்குப் பணம் கொடுத்தவர்கள் அடிமைகள், கணக்கு எழுதியவர் எசமான், லாபமும் அவருக்கே. ‘விடுவித்தார்’ என்பதைவிட ‘அவர்களுக்கே விற்றார்’ என்பது சரியான வினைச்சொல்.

உரிமையாக இருந்தது எப்படித் தயவாக மாறியது?

தன்னைத் தானே விலைக்கு வாங்குவது மெக்டோனாவின் கண்டுபிடிப்பு இல்லை. அவர் வந்து இறங்கியபோது இருந்த ஸ்பானிய ஆட்சியில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, கோஆர்த்தாசியோன். அடிமை தன் விலையை மதிப்பிடச் சொல்லி அதிகாரிகளிடம் போகலாம். மதிப்பிட்ட தொகையைக் கட்டினால் எசமான் மறுக்க முடியாது. அதாவது உரிமை. அமெரிக்க ஆட்சி வந்ததும் 1807-ல் இது போய்விட்டது. எசமான் விரும்பினால்தான் விடுதலை. அதுவும் பொதுவாக 30 வயது ஆன பிறகுதான். 1825-ன் லூசியானா சிவில் சட்டத்தில் அடிமை எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது, தன் விடுதலை பற்றிய ஒப்பந்தத்தைத் தவிர என்று ஒரு விதிவிலக்கு மிஞ்சியது. பழைய உரிமையின் தழும்பு அது.

1830-ல் இன்னும் இறுக்கினார்கள். விடுதலையானவர் 30 நாளுக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அதே ஆண்டில் இன்னொரு சட்டம்: அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதம் முதல் பன்னிரண்டு மாதம்வரை சிறை. 1857-ல் விடுவிப்பதையே தடைசெய்துவிட்டார்கள்.

ஆப்பிரிக்கக் கரையில் சங்கம் அமைத்த லைபீரியா இந்தக் கதையில் ஏன் வருகிறது என்று இப்போது புரியும். விடுதலைப் பத்திரம் கையில் வந்த கணமே காலுக்குக் கீழே நிலம் இல்லாமல் போகும்படி சட்டம் செய்துவைத்திருந்தது. மெக்டோனா அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடவில்லை. அதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற ஒரு கப்பலை ஏற்பாடு செய்தார். தன் ஆட்கள் விடுதலையோடு அமெரிக்காவிலேயே இருப்பதை அவரும் விரும்பவில்லை. விடுதலை என்றால் ஆப்பிரிக்காவில், இல்லையென்றால் இல்லை.

கப்பல் போன இடம்

1842 ஜூனில் மரிபோசா என்ற கப்பலில் மெக்டோனாவின் ஆட்கள் சுமார் 80 பேர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பட்டார்கள். அவர் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1859-ல், ரெபெக்கா என்ற கப்பலில் இன்னும் சுமார் 40 பேர் போனார்கள்.

போன இடம் வெற்று நிலம் இல்லை. 1820-ல் சங்கத்தின் முதல் கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள ஷெர்ப்ரோ தீவில் இறங்கியபோதே, சில வாரங்களுக்குள் கூடவே போன வெள்ளை அதிகாரிகள் மூவரும் குடியேறிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும் காய்ச்சலில் இறந்தார்கள். 1821-ல் மெசுராடோ முனையில் நிலம் பிடித்தார்கள். உள்ளூர்த் தலைவரின் தலைக்கு நேரே அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் ஸ்டாக்டன் துப்பாக்கியை நீட்டி முடித்த பேரம் அது. கொடுத்த சாமான்களின் மதிப்பு 300 டாலருக்கும் குறைவு. 1824-ல் ஊருக்கு மன்ரோவியா, நாட்டுக்கு லைபீரியா என்று பெயர். 1847-ல் தனி நாடு. குடியேறி வந்தவர்களே ஆட்சியாளர்கள் ஆனார்கள். அங்கேயே காலங்காலமாக இருந்த குரு, பாஸா, கிரேபோ போன்ற மக்களுக்குக் குடியுரிமை 1904 வரை இல்லை. அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னொரு மக்களுக்கு எசமானாக நின்றது இந்தக் கதையிலேயே பேசக் கூச்சமான பகுதி.

சாவுக் கணக்கு பயங்கரமானது. 1820 முதல் 1843 வரை வந்து இறங்கியவர்கள் 4,571 பேர். 1843-ல் தலை எண்ணியபோது இருந்தவர்கள் 1,819. வேறிடம் போனவர்களைக் கழித்துவிட்டாலும் பெரும்பங்கு மலேரியாவின் கணக்குதான். அமெரிக்காவில் தலைமுறைகளாக வாழ்ந்த உடம்பு மேற்கு ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்குப் பழகியிருக்கவில்லை. தோல் நிறம் ஒன்றாக இருந்தால் தட்பவெப்பமும் ஒத்துக்கொள்ளும் என்று சங்கத்தார் நம்பியது எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்த எண்களே சொல்கின்றன.

இந்தத் திட்டம் அடிமை முறையைக் கரைத்துவிடும் என்ற வாதத்தையும் எண்களால் சோதித்துவிடலாம். அமெரிக்காவில் அடிமைகள் 1820-ல் சுமார் 15 லட்சம், 1830-ல் சுமார் 20 லட்சம். ஆண்டுக்கு 47,000 பேர் கூடியிருக்கிறார்கள். சங்கம் ஏறக்குறைய அரை நூற்றாண்டில் மொத்தமாக அனுப்பியது சுமார் 13,000 பேர். ஒரே ஆண்டின் பெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிரம்பி வழியும் ஏரியை டம்ளரால் இறைப்பதாக வைத்துக்கொண்டாலும் டம்ளரில் ஓட்டை.

படிப்பு இதில் எங்கே வருகிறது?

புதிய நாட்டுக்குப் பாதிரி வேண்டும், வாத்தியார் வேண்டும், வைத்தியர் வேண்டும். குடியேற்றக்காரர்கள் கறுப்பரின் கல்வியை ஆதரித்ததற்கு இது முக்கியக் காரணம். படிப்பு ஏற்றுமதிக்கு. லூசியானாவில் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்பதால் மெக்டோனா 1838-ல் தன் அடிமைகளில் இரண்டு இளைஞர்களை, டேவிட்டையும் வாஷிங்டனையும், பென்சில்வேனியாவில் உள்ள லஃபாயெட் கல்லூரிக்கு அனுப்பினார். வெள்ளை மாணவர்களோடு ஒரே வகுப்பில் இல்லை, தனியாகப் பாடம். படித்து முடித்ததும் லைபீரியா என்பது பேச்சு.

வாஷிங்டன் 1842-ல் லைபீரியாவுக்குப் போய் மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து அவரும் மற்றவர்களும் மெக்டோனாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவரை அப்பா என்று விளித்திருக்கிறார்கள். பாசமும் இருக்கிறது, துணிமணியும் கருவியும் அனுப்பச் சொல்லும் வேண்டுகோள்களும் இருக்கின்றன. அந்த ‘அப்பா’வை அப்படியே எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா எவ்வளவு அன்பு என்பவர்கள் உண்டு. கடலுக்கு அப்பால் நின்றுகொண்டு, சாமான் அனுப்பக்கூடிய ஒரே ஆளுக்குக் கடிதம் எழுதுகிறவர் வேறு எப்படி விளிப்பார் என்றும் யோசிக்கலாம்.

டேவிட் வேறு வழி எடுத்தார். போகமாட்டேன், டாக்டராக வேண்டும் என்றார். 1844-ல் லஃபாயெட் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். நியூயார்க்கில் இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் பாடங்களை முடித்தார். பட்டம் தர மறுத்தார்கள். இருந்தும் கண், காது மருத்துவராக நியூயார்க்கில் பல ஆண்டு பணிசெய்தார். ஜான் கியர்னி ராட்ஜர்ஸ் என்ற மருத்துவர் தனக்கு ஆதரவாக நின்றதற்காக ‘கியர்னி’யைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய மருத்துவப் பட்டம் 2018-ல் வந்தது. அவர் இறந்து 125 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக, மெக்டோனா கொடுத்த கல்வி உண்மையான கல்விதான். எங்கே போய்ப் பயன்படுத்த வேண்டும் என்ற முகவரியையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்த கல்வி. டேவிட் அந்த முகவரியைக் கிழித்துவிட்டார்.

உயிலும் பள்ளிகளும்

1838-ல் எழுதிய உயிலில் மெக்டோனா சொத்தின் பெரும்பகுதியைப் பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் நகரங்களுக்கு விட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகள். ஆண் பெண் இருபாலாருக்கும், எல்லா நிறத்தாருக்கும் என்று அதில் எழுதியிருந்தார். குடியேற்றச் சங்கத்துக்கும் வருமானத்தில் ஒரு பங்கு உண்டு. மொத்த மதிப்பு சுமார் 20 லட்சம் டாலர். பிள்ளைகள் வருடா வருடம் தன் கல்லறையில் பூ வைக்க வேண்டும் என்ற சின்ன ஆசை ஒன்றையும் சேர்த்திருந்தார்.

உயில் நல்ல உயில்தான். நிலத்தை விற்கக் கூடாது, வாடகை வருமானம் மட்டுமே செலவு, இரண்டு நகரமும் சேர்ந்தே என்றென்றைக்கும் நிர்வாகம் என்று இறந்த பிறகும் கடிவாளத்தைப் பிடித்திருக்கப் பார்த்ததுதான் கோளாறு. உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் நகரங்கள் ஜெயித்தன. வழக்கறிஞர் செலவு போக மிஞ்சியதைக் கடைசியில் இரண்டு நகரமும் பிரித்துக்கொண்டன.

‘எல்லா நிறத்தாருக்கும்’ என்ற சொற்கள் என்ன ஆயின? பால்டிமோருக்கு வெளியே 1873-ல் 21 பையன்களோடு தொடங்கிய மெக்டோனா பள்ளி 1959 வரை ஒரு கறுப்பு மாணவரைக்கூடச் சேர்க்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-களில் சில ஆண்டுகள் சில பள்ளிகளில் பிள்ளைகள் கலந்து படித்தார்கள். பிறகு மறுபடி பிரித்துவிட்டார்கள். 1900-ல் கறுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரசுப் படிப்பு கிடையாது என்று பள்ளி வாரியம் முடிவெடுத்தது. பதினேழு ஆண்டு கழித்தே அவர்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி கிடைத்தது: 1917-ல், வெள்ளைப் பிள்ளைகள் காலிசெய்த மெக்டோனா 13-ன் பழைய கட்டடத்தில், மெக்டோனா 35 என்ற பெயரில்.

பூ வைக்கும் ஆசை ஊர்வலமாக வளர்ந்தது. 1898-ல் பிள்ளைகள் கொடுத்த சில்லறையில் லஃபாயெட் சதுக்கத்தில் சிலை எழுந்தது. ஆண்டுதோறும் மெக்டோனா தினம். வெள்ளைப் பள்ளிகள் முதலில் பூ வைக்கும். எல்லாம் முடியும்வரை கறுப்புப் பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும். 1954 மே மாதம் அவர்கள் வரவில்லை. நகரத்தின் கறுப்புப் பள்ளிகள் ஏறக்குறைய மொத்தமாகப் புறக்கணித்தன. 2020 ஜூனில் வேறொரு சதுக்கத்தில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளி மிஸிஸிப்பியில் எறிந்தது.

மெக்டோனா 19-க்கு வேறு கதை. 1960 நவம்பர் 14 அன்று லியோனா டேட், கெயில் எட்டியன், டெஸ்ஸி பிரவோஸ்ட் என்ற மூன்று ஆறு வயதுச் சிறுமிகள் போலீஸ் காவலோடு அந்த வெள்ளைப் பள்ளிக்குள் நுழைந்தார்கள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மாதக்கணக்கில் அத்தனை பெரிய கட்டடத்தில் மாணவர்கள் என்று இருந்தது அந்த மூவர்தான். வெளியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்று ஜன்னல்களைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். 2005-ல் கத்ரீனா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பின் பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து 2022-ல் திறந்தார்கள். இப்போது அதன் பெயர் டேட், எட்டியன், பிரவோஸ்ட் மையம்.